நடக்கிற வேகத்தில் ஏன் விழுகிறேன்?

வாசகர் கடிதம்:

“சார், எனக்கு 44 வயது. ராசிபுரத்துக்கு வெளியே ஒரு புது நகரில் வீடு. இருபது வருடத்துக்கு மேல் ஸ்ப்ளெண்டர்தான் ஓட்டினேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஆறு மாதம் முன்பு ஆசைப்பட்டு 350 சிசி வண்டி வாங்கினேன், 195 கிலோ. அப்போதிருந்துதான் வினை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் 400 மீட்டர் ரோட்டை நோண்டி ஜல்லி கொட்டிப் போட்டிருக்கிறார்கள். தார் இன்னும் வரவில்லை. அதில் இதுவரை மூன்று தடவை விழுந்துவிட்டேன். மூன்றும் ஆள் நடக்கிற வேகம்தான்.

முதல் தடவை, தார் ரோட்டிலிருந்து இடது பக்கம் எங்கள் ரோட்டுக்குள் திரும்பும்போது. லேசாகத்தான் பிரேக்கைப் பிடித்தேன், முன் சக்கரம் சர்ரென்று போய்விட்டது. இரண்டாவது தடவை, வீட்டு கேட் முன்னால் நிறுத்திக் காலை ஊன்றும்போது கால் வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தேன். மூன்று வாரம் ஆகிறது, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இன்னும் லேசாக வலிக்கிறது. சுளுக்குதான், தைலம் தேய்க்கிறேன். மூன்றாவது தடவை மனைவி பின்னால் இருந்தார். நாய் குறுக்கே வந்தது, நிறுத்தினேன், வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது, பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. ‘இனிமே மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுருங்க, நான் நடந்தே வந்துடறேன்’ என்கிறார்.

எனக்கு வயசாகிவிட்டதா சார்? பட்டன் டயர் மாற்றினால் சரியாகுமா? ஏபிஎஸ் இருந்தும் ஏன் சறுக்குகிறது? பேசாமல் இதை விற்றுவிட்டுப் பழைய வண்டிக்கே போய்விடட்டுமா?”

பதில்:

வணக்கம். டயர், ஏபிஎஸ், வயசு எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் மணிக்கட்டு.

நான் டாக்டர் இல்லை, பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஆனால் கையை ஊன்றி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடது கையை விரித்துக் கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக நீட்டுங்கள். கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில், நரம்பு மாதிரி இரண்டு தசைநாண்கள் புடைத்து நடுவில் சின்னக் குழி ஒன்று விழும். மற்றக் கை விரலால் அந்தக் குழியை அழுத்திப் பாருங்கள். வலது கையில் இல்லாத வலி இடது கையில் இருந்தால் தைலத்தை மூடி வைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். அங்கே ஸ்கேபாய்டு என்று முந்திரிப்பருப்பு அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் அதில் விரிசல் விடுவது சகஜம். பெரிதாக வீங்காது, வேலை செய்யவும் முடியும் என்பதால் எல்லாரும் சுளுக்கு என்றே நினைத்துக்கொள்வார்கள். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. அதனால்தான் டாக்டர்கள் சந்தேகத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும், பிறகு ஆபரேஷன் வரை போகும். அழுத்திப் பார்த்து வலி இல்லையென்றாலும், மூன்று வாரமாக விடாத வலியை ஒரு தடவை காட்டிவிடுவதுதான் சரி. சுளுக்கு எடுக்கிறவரிடம் மட்டும் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவியின் சிராய்ப்பையும் ஒரு தடவை பாருங்கள். ஜல்லித் தூள் தோலுக்குள் தங்கிவிட்டால் புண் ஆறினாலும் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு, வலித்தாலும் பரவாயில்லை என்று கழுவியிருக்க வேண்டும். டிடி ஊசி எப்போது போட்டார் என்பது நினைவில் இல்லையென்றால் போட்டுவிடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

உங்கள் மூன்று விழுகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டு வகை. முதலாவதும் மூன்றாவதும் உங்கள் வலது கையால், அதாவது அது பிடிக்கிற முன் பிரேக்கால் வந்தவை. இரண்டாவது மட்டும்தான் நிஜமாக ஜல்லியால் வந்தது. அதிலும் சக்கரம் சறுக்கவில்லை, உங்கள் கால்தான் சறுக்கியது.

வலது கை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வண்டிக்கு முன்னால் டிரம் பிரேக். டிரம் பிரேக்கை நாலு விரலையும் போட்டுக் கொஞ்சம் அழுத்தித்தான் பிடிக்க வேண்டும், நிதானமாகத்தான் பிடிக்கும். இருபது வருடத்தில் உங்கள் கை அந்த அழுத்தத்தை மனப்பாடம் செய்துவிட்டது. புது வண்டிக்கு முன்னால் டிஸ்க். அதே கை அதே அளவு அழுத்தினால் சக்கரம் உடனே கவ்வும். தார் ரோட்டில் இது உங்களுக்குத் தெரியாது. ‘பிரேக் நல்லா ஷார்ப்பா இருக்கு’ என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ஜல்லியில்தான் கணக்கு வெளியே வருகிறது. நீங்கள் ‘லேசாகத்தான் பிடித்தேன்’ என்று எழுதியிருப்பதை நம்புகிறேன். ஸ்ப்ளெண்டருக்கு அது லேசுதான்.

அடுத்தது, அந்த நேரத்தில் ஹேண்டில் எப்படி இருந்தது என்பது. முதல் தடவை நீங்கள் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது தடவை நாயைப் பார்த்ததும் ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்திருப்பீர்கள், ஒடிக்காதவர்கள் யாரும் இல்லை. ஹேண்டில் நேராக இருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி முன்னால் குனிந்து நிற்கும், அவ்வளவுதான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தால், முன்னால் தள்ளுகிற மொத்தக் கனமும் குறுக்கே நிற்கிற சக்கரத்தின் மேல் வந்து விழுகிறது. நல்ல தாரில் என்றால் டயர் பிடித்துக்கொண்டு வண்டி திரும்பிய பக்கமே பொத்தென்று சாயும். ஜல்லியில் என்றால் டயர் பக்கவாட்டில் வழுக்கி, வண்டி அதே பக்கம் படுத்துவிடும். எப்படியும் இடது பக்கம் திரும்பினால் இடது பக்கம், வலது பக்கம் திரும்பினால் வலது பக்கம். நீங்கள் எல்லாத் தடவையும் இடது பக்கமே விழுந்திருக்கிறீர்கள் இல்லையா, ஜாதகம் ஒன்றும் இல்லை.

இங்கேயே ஏபிஎஸ் கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம், உங்கள் வண்டியிலும் அது ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் அது பார்ப்பது ஒன்றே ஒன்று: சக்கரம் உருளாமல் இறுகி நிற்கப் பார்க்கிறதா என்பது. இறுகினால் பிரேக்கைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிக்கும். டயர் பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுப்பது சாதாரண ஏபிஎஸ்ஸின் வேலையே இல்லை. அதோடு, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். இல்லையென்றால் வண்டி முழுசாக நிற்கவே நிற்காதே. நீங்கள் விழுந்த வேகத்தில் ஏபிஎஸ் வீட்டுக்குப் போயிருக்கும்.

பட்டன் டயரும், அதாவது கட்டை கட்டையாகப் பட்டை புடைத்திருக்கிற டயரும், இதற்கு மருந்து இல்லை. சேற்றுக்கும் மண் ரோட்டுக்கும் அது நல்லது. உங்களுக்கு ஜல்லி 400 மீட்டர், மீதியெல்லாம் தார். மழையில் தாரில் அந்த டயர் பிடிப்புக் குறைவு. காற்றைக் குறைத்தால் பிடிமானம் வரும் என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். கூர்மையான ஜல்லியில் காற்றுக் குறைந்த டயர் ஓடினால் ரிம் அடிபடும். கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள், டயரில் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அத்தோடு டயர் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஜல்லியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஓட்டுகிறவர்கள் ‘ஜல்லி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கொத்தனாரைக் கேளுங்கள், ஒன்றரை இஞ்சா, முக்காலா, அரையா, சிப்ஸா (பொடிக்கல்) என்று திருப்பிக் கேட்பார். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் கேழ்வரகு சிந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழமழவென்ற சிமெண்ட் தரையில் ஒரு பிடி சிதறிக் கிடந்தால் மிதித்த மாத்திரத்தில் கால் வாரிவிடும். அதே கேழ்வரகு அரை அடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தால் கால் வழுக்காது, புதையும். இரண்டும் ஒரே தானியம்தான், விழுகிற விதம்தான் வேறு.

உங்கள் ரோட்டில் இரண்டும் இருக்கிறது. தார் முடிகிற வளைவில், லாரி டயர்கள் உள்ளேயிருந்து இழுத்து வந்து போட்ட சிப்ஸும் அரை இஞ்ச் ஜல்லியும் தார் மேலேயே தூவின மாதிரி கிடக்கும். அது சிமெண்ட் தரைக் கேழ்வரகு. ஒவ்வொரு கல்லும் உருளை. முதல் தடவை நீங்கள் விழுந்தது ஜல்லி ரோட்டில் இல்லை, அநேகமாக அதற்கு முந்தின பத்தடித் தாரில். அந்த இடத்தில் எதுவுமே செய்யக் கூடாது. பிரேக் கூடாது, சாய்க்கக் கூடாது, ஆக்சிலேட்டரைத் திருகக் கூடாது. வேகத்தை எல்லாம் சுத்தமான தாரிலேயே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு முன்னாடியே மெதுவாகுங்கள். வளைவையும் ஒட்டி வெட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளிப்போய் அகலமாகத் திரும்பினால் வண்டியைச் சாய்க்கிற தேவையே குறையும். தாரும் ஜல்லியும் சேர்கிற இடத்தில் ஒரு விளிம்பு இருக்கும், இரண்டு மூன்று இஞ்ச் இறக்கம். அதைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போனால் முன் சக்கரத்தை அதுவே இழுத்துவிடும். முடிந்தவரை நேர்க்குத்தாக இறங்குங்கள்.

உள்ளே வந்ததும் ஆழமான ஜல்லி. இது குவியல் கேழ்வரகு, இங்கே விதி கிட்டத்தட்டத் தலைகீழ். பயந்துபோய் ரொம்ப மெதுவாகப் போனால் முன் சக்கரம் புதைந்து, தனக்கு முன்னால் தானே ஒரு மேடு கட்டிக்கொள்ளும். அந்த மேட்டில் மோதி ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஆடுகிற ஹேண்டிலைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. இறுக்கினால் சக்கரத்தின் ஆட்டம் உங்கள் தோள் வழியாக மொத்த வண்டிக்கும் போகும். முட்டியால் டேங்கைக் கவ்விக்கொள்ளுங்கள், கையைத் தளர விடுங்கள். குருவிக்குஞ்சைப் பிடித்திருக்கிற மாதிரி பிடித்தால் போதும். முன் சக்கரம் ஆடட்டும், பின் சக்கரம் தள்ளிக்கொண்டே இருக்கிற வரைக்கும் வண்டி அவ்வளவு எளிதில் விழாது. உங்கள் வண்டி இரண்டாவது கியரில் கொஞ்சம் ஆக்சிலேட்டரோடு நிதானமாக இழுக்கும். நேரான இடத்தில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகம் சரியாக இருக்கும்.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். டிப்பர் லாரியும் டிராக்டரும் போய்ப் போய் இரண்டு தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தில் ஜல்லி அழுந்தி இறுகியிருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரி குவிந்திருக்கும். எதிரில் யாரும் வராத வரை ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். தடம் மாற வேண்டி வந்தால் நடு மேட்டை ஒட்டியபடியே ஊர்ந்து தாண்டாமல், கொஞ்சம் குறுக்காகவே ஏறி இறங்குங்கள். அப்புறம் கண். முன் சக்கரத்துக்கு அடியில் எந்தக் கல் வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் அந்தக் கல் மேல்தான் விழுவீர்கள்.

மூன்றாவது விழுகையைப் பற்றி ஒரு கணக்கு. வண்டி மெதுவாகச் சாய்ந்தது, பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசிக்கும்போது நீங்கள் உங்கள் வயசைத்தான் நொந்துகொண்டிருப்பீர்கள் என்று தெரிந்தது. 195 கிலோ வண்டியின் கனம் சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், பக்கத்தில் நின்று ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டிலைப் பிடித்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வண்டி 5 டிகிரி சாய்ந்தால் எட்டு ஒன்பது கிலோ தாங்கினால் போதும், ஒரு பள்ளிக்கூடப் பையன் தாங்குவான். 20 டிகிரிக்குப் போய்விட்டால் 33 கிலோ. இது வெறும் வண்டி, நகராத வண்டி. உங்கள் எடை, மனைவி எடை எல்லாம் சேர்ந்து, காலுக்கு அடியில் உருளுகிற கல்லும் சேர்ந்தால் இருபது வயதுப் பையனாலும் முடியாது. பழைய வண்டி 112 கிலோதான், 83 கிலோ குறைவு. அதில் சாய்ந்தால் ஒரு காலில் எத்திவிட்டு நிமிர்ந்திருப்பீர்கள், விழாமல் தப்பித்ததாகக்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆக, வயசு இல்லை.

ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, தவணை கட்டுகிற வண்டி. ஆனாலும் விடுங்கள். லீவர் சில நூறு ரூபாய். வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே மாட்டுகிற கணுக்கால் பல மாதம் படுக்க வைக்கும். லெக் கார்டு இருந்தால் வண்டி முழுசாகப் படுக்காமல் ஓர் இடைவெளி கிடைக்கும், உங்கள் வண்டியில் இல்லையென்றால் டயருக்கு வைத்த காசை அதற்குச் செலவு செய்யுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது காலை வெளியே நீட்டி ஜல்லியில் தேய்த்துக்கொண்டே வருகிற பழக்கமும் கூடாது. ஓட்டிப் பழகின காலத்துப் பயம் அது, எல்லாருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கால் ஒரு கல்லில் மாட்டினால் வண்டி போய்க்கொண்டே இருக்கும், கால் பின்னால் நின்றுவிடும். நிற்கிற கடைசி நொடி வரை கால் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கட்டும். அதற்கு எப்படி நிறுத்துவது? பின் பிரேக்கில். நேரான ஹேண்டிலோடு, வலது காலால் பின் பிரேக்கை மெதுவாக அமுக்கி, வண்டி நின்ற பிறகு இடது காலை ஊன்றுங்கள். ஜல்லியில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. வண்டி நேராக ஓடும்போது இரண்டு விரலால் மெல்லப் பிடிக்கலாம். கடைசிப் பத்தடியில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மட்டும் அந்த விரல்கள் லீவரை விட்டு வெளியே இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரைச் சுற்றி. லீவர் மேல் விரல் இருந்தால் நாயைப் பார்த்ததும் அது தானாகவே அமுங்கும். நீங்கள் யோசித்து அமுக்குவதில்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெட்ரோல் பங்க். ஆறேழு வருடம் முன்பு, மாணவர்கள் நாலு பேர் பின்னால் வர, பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டைலாக வெளியே திரும்பினேன். பங்க் வாசலில் ஜல்லி. யாரோ ‘சார், பில்’ என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன், விரல் லீவரில் இருந்தது. அடுத்த நொடி நான் தரையில். வேகம் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்கூட இருக்காது. அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அப்புறம் செய்தது. வெட்கத்தில் துள்ளி எழுந்து, ஹேண்டிலையும் சீட்டையும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினேன். சிராய்ப்பு இரண்டு நாளில் ஆறிவிட்டது. முதுகு பதினோரு நாள் என்னை எழுந்திருக்க விடவில்லை.

அதனால் தூக்குவதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மூன்று தடவை தூக்கியிருக்கிறீர்கள். முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், சிவப்பு ஸ்விட்சோ சாவியோ. பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். கியரில் போட முடிந்தால் போடுங்கள், தூக்கும்போது உருளாது. காலுக்கு அடியிலுள்ள ஜல்லியை ஷூவால் ஒதுக்கித் தரையைக் காட்டுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் பிருஷ்டத்தை அழுத்தி உட்காருகிற மாதிரி குந்துங்கள். ஒரு கை ஹேண்டில் முனையில், மறு கை பின்னால் கம்பியில். முதுகை வளைக்காமல், பின்னால் சின்னச் சின்ன அடியாக நடங்கள். தொடைதான் தூக்க வேண்டும். உங்கள் வண்டி இடது பக்கம் விழுகிறது, சைடு ஸ்டாண்டும் இடது பக்கம்தான், முன்கூட்டியே அதை விரித்து வைக்க முடியாது. ஆகவே நிமிர்ந்ததும் அதே வேகத்தில் அந்தப் பக்கம் தள்ளிவிடாமல் இடுப்பால் அணைத்துப் பிடித்து, குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டிவிடுங்கள். ஸ்டாண்டும் ஜல்லியில் புதையும், ஒரு தட்டைக் கல்லைப் போட்டு அதன்மேல் வையுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள், நம் ஊரில் கூப்பிட்டு வராதவர்கள் குறைவு. வண்டி உடனே ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பதற வேண்டாம். இப்போதைய எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற) வண்டிகள் பலவற்றில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் உண்டு. சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் எழுந்துவிடும். கிளம்பும் முன் கிளட்ச் லீவர், கியர் லீவர் வளைந்திருக்கிறதா, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் எதிலாவது இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேராக ஓட்டும்போது ஹேண்டில் ஒரு பக்கம் கோணலாக நின்றால் மெக்கானிக்கிடம் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் குழாயைக் காட்டுங்கள். பெரும்பாலும் போல்ட்டைத் தளர்த்தி நேராக்கிவிடலாம்.

உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது சரி. கோபத்தில் சொன்னாரோ பயத்தில் சொன்னாரோ, கணக்கு அவர் பக்கம். சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருகிறவர் என்றால் கால் இரண்டும் இடது பக்கம், கனமும் இடது பக்கம். நீங்கள் நிறுத்தும் பக்கமும், வண்டி சாயும் பக்கமும், அவர் கால் இருக்கும் பக்கமும் ஒன்றே. பின்னால் கனம் ஏறினால் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறையும், ஜல்லியில் அது இன்னும் லேசாகத் துள்ளும். நீங்கள் பழகிற வரை அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிடுங்கள். இருட்டாக இருந்தால் வண்டியை அங்கேயே கடையோரம் நிறுத்திவிட்டு நீங்களும் கூட நடங்கள், 400 மீட்டர் ஐந்து நிமிடம். இருவருக்கும் ஹெல்மெட் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் ‘தெருவுக்குள்ளதானே’ என்று கழற்றிக் கையில் மாட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜல்லியில் விழுகிற தலை எட்டுக் கிலோமீட்டர் வேகத்திலும் அதே உயரத்திலிருந்துதான் விழுகிறது. உங்களுக்குக் கையுறை வேண்டும், உள்ளங்கையில் தடித்த பட்டை வைத்தது. செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடுகிற, அடிப்பாகம் கெட்டியான ஷூ.

பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றுதான், பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்களே, அது. ஜெயிக்கிற பையனைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே பார்க்கவே மாட்டான். எதிரே இருக்கிற கயிற்றையே பார்த்துக்கொண்டு, பெடலை விடாமல் மிதித்துக்கொண்டு, பின் பிரேக்கை உரசிக்கொண்டே வருவான். நீங்களும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஜல்லி இல்லாத ஒரு மைதானம். இரண்டு செங்கலை முப்பதடி தள்ளி வையுங்கள். முதல் கியர், ஹாஃப் கிளட்ச் (லீவரைப் பாதி மட்டும் விட்டபடி), ஆக்சிலேட்டர் ஒரே அளவில், பின் பிரேக்கில் கால் உரசியபடி. கிளட்ச் தள்ளும், பிரேக் பிடிக்கும், இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நிற்கும். அந்த முப்பதடியைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்க முடிகிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் ஐந்து விநாடி வரும், பத்துக்குக் கொண்டுபோகப் பாருங்கள். வலது கை விரல்கள் லீவருக்கு வெளியே. என் மாணவர்களில் பாதிப்பேர் முதல் நாளில் அந்த விரலை வெளியே வைக்கவே திணறுவார்கள், நடுவிரலும் மோதிரவிரலும் தானாகப் போய் லீவரில் உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் இரண்டு விரலுக்கும் சேர்த்து ஆக்சிலேட்டர் மேல் ரப்பர்பேண்ட் போட்டுக்கொண்டார். சிரித்தோம், ஆனால் அவருக்குத்தான் முதலில் வந்தது. மைதானத்தில் மட்டும்தான் அந்த வேலை, ரோட்டில் செய்துவிடாதீர்கள். நேராக வந்த பிறகு பெரிய வட்டம், அப்புறம் சின்ன வட்டம். மெதுவான வட்டத்தில் வண்டி உள்பக்கம் சாயட்டும், உங்கள் உடம்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். இதெல்லாம் பழகின பிறகு ஒருநாள் உங்கள் ரோட்டிலேயே, தனியாக, லாரித் தடத்தில். நாலைந்து ஞாயிறு ஆகும்.

விற்றுவிடட்டுமா என்கிற கேள்விக்கு: அந்த நாலைந்து ஞாயிறுக்கு முன்னால் விற்காதீர்கள். அதற்கப்புறமும் கேட் முன்னால் வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கினால் தாராளமாக விற்றுவிடுங்கள், பிடிக்காத வண்டியை யாரும் நன்றாக ஓட்டினதில்லை.

இரண்டாவது விழுகையை நான் மறக்கவில்லை. கால் வழுக்கியது. இதற்குப் பயிற்சியே வேண்டாம், மண்வெட்டி போதும். உங்கள் கேட் முன்னால், நீங்கள் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில், நாலடிக்கு நாலடி ஜல்லியை வழித்து ஓரம் போட்டுவிட்டு, விளக்குமாற்றால் கூட்டிவிடுங்கள். லாரி போனால் மறுபடி வந்து விழும், வாரம் ஒரு தடவை கூட்டுங்கள். இடது கால் ஊன்றுகிற இடம் பள்ளமாக இருந்தால் கொஞ்சம் மண் போட்டு மட்டமாக்குங்கள். தார் வரும்வரை இது உங்கள் வேலை.

மைதானத்தில் கிளட்ச் பிடிக்கப்போவது அந்த இடது கைதான். அரை மணி நேரம் ஹாஃப் கிளட்ச் பிடித்தால் நல்ல மணிக்கட்டே வலிக்கும். ஆகவே செங்கலும் ஞாயிற்றுக்கிழமையும் எக்ஸ்ரேக்கு அப்புறம். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.